கவிதை எழுதுகிறவர்கள் குருவைத் தேடிப் போகும் முன்

சங்கரன்கோவிலில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் பிழைப்பு. கவிதை எழுதுவது பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். இந்த வருஷம், எழுதுகிற பையன்கள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், என்னிடம் ஒரே மாதிரி கேட்டார்கள்: "அண்ணாச்சி, எல்லாத்தையும் விட்டுட்டுத் திருவண்ணாமலையில போயி இருந்துரலாம்னு தோணுது. நீங்க இருந்திருக்கியள்லா, எப்படி?" இரண்டு பேரிடமும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சொல்லப் போனால் நெஞ்சை அடைத்துக்கொண்டு வருகிறது. 2014-லிருந்து 2018 வரை எனக்கு நடந்ததை அன்றைக்கே யாராவது எதிரே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் என் நோட்டுகளெல்லாம் இன்று என்னிடம் இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மடத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ சொல்லப் போவதில்லை. எந்த வரிசையில் நடந்தது என்பது தெரிந்தால் போதும், மற்ற இடங்களிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சின்ன ஊரில் கவிஞனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், பணி ஓய்வுக்குப் பாராட்டுப் பா, யாராவது தவறிவிட்டால் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்கு எட்டு வரி. ஆடித்தபசை ஒட்டி ஒரு கவியரங்கம் நடந்தால் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். எல்லாம் சரி, ஆனால் ராத்திரி தூக்கம் கெட்டு எழுதிய கவிதையைக் காலையில் படித்துக் காட்ட ஒரு ஆள் இருக்காது. அந்தப் பசியைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் தபாலிலும் போனிலும் வருவார்கள். "உங்கள் கவிதை தொகுப்பு நூலுக்குத் தேர்வாகியிருக்கிறது, பங்களிப்புத் தொகை ஆயிரம் ரூபாய்" என்பார்கள். விருது என்பார்கள், பதிவுக் கட்டணம் கேட்பார்கள். என் வீட்டு அலமாரியிலும் அப்படி வந்த கேடயங்கள் இருக்கின்றன. பணம் கட்டி வாங்குகிற விருதை ஒரு ரசீதாகத்தான் நான் இப்போது பார்க்கிறேன். எழுத ஆரம்பித்திருக்கிற பிள்ளைகள் அந்தப் பணத்துக்கு நாலு நல்ல புத்தகம் வாங்கிக்கொள்ளட்டும்.

அப்பா தறிக்காரர். 2012-ல் தவறினார். அதற்கப்புறம் என் எழுத்தின் திசை மாறிவிட்டது. தறிச் சத்தம் நின்ற வீட்டில் உட்கார்ந்து, போனவர் எங்கே போனார் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் தாயுமானவரை எடுத்தேன், பட்டினத்தாரை எடுத்தேன், திருமந்திரத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. கவியரங்க நண்பர்களிடம் புதுக் கவிதைகளைக் காட்டினால், "என்ன அண்ணாச்சி, சாமியாராயிட்டியளா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கோவிலில் சாமி கும்பிடுகிறவர்களிடம் காட்டினால் கவிதை அவர்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் நான் இருந்த அந்த நிலைமையை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். கடவுளைத் தேடிப் போகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். என் கவிதையை முழுசாகக் கேட்கிற ஒரு காதையும் சேர்த்தே தேடிக்கொண்டிருந்தேன். நீங்களும் போகும் முன் இந்த இரண்டு தேடலையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். காது வேண்டுமென்றால் அதை முதலில் ஊர்ப்பக்கமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மூன்று பேர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து படித்தால்கூடப் பாதிப் பசி தீர்ந்துவிடும்.

2014-ல் ஒரு பௌர்ணமிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியும் முன் விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போனேன். அன்று ராத்திரி நடந்த கிரிவலம் என் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. இத்தனைக்கும் பிறகும் அதை நான் மறுக்க மாட்டேன். பதினாலு கிலோமீட்டர். இந்திர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம் வரைக்கும் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். வலப்பக்கம் எப்போதும் மலை. அப்பா தவறிய பிறகு முதல்முறையாக அழுதுகொண்டே நடந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அனுபவம் உண்மை. அதை எனக்குக் கொடுத்தது மலை. ஆனால் மறுநாள் அதற்குச் சொந்தம் கொண்டாட ஒருவர் கிடைத்தார்.

கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன மடம். காலையில் பொங்கல் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் உட்கார்ந்தேன். அந்தச் சாமி என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன எழுதுறீங்க?" என்று கேட்டார். அப்பாவின் தறியைப் பற்றிய ஒரு வெண்பாவைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கவிராயரே, இன்னொரு தடவை படிங்க" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்னைக் கவிராயர் என்று யாரும் அழைத்ததும் இல்லை. அந்த இடத்திலேயே நான் அவருடைய ஆளாகிவிட்டேன்.

அதற்கப்புறம் பௌர்ணமி தவறாமல் போக ஆரம்பித்தேன். முதலில் அண்ணாமலையார் மேல் ஒரு பதிகம் கேட்டார், எழுதினேன். அதை மடத்தில் ஆர்மோனியம் வைத்துப் பாடினார்கள். என் பாட்டை நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து பாடிக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்து குரு வணக்கம் கேட்டார்கள், அப்புறம் அவர் மேலேயே நூற்றெட்டுப் போற்றி. பாட்டுகளை யூடியூபில் ஏற்றினார்கள். "இயற்றியவர்" என்ற இடத்தில் "குருவருள்" என்று போட்டிருந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நான் எழுதினேன்கிற நினைப்புதான் கவிராயரே உங்களுக்குக் கடைசி முடிச்சு. அது அவிழ்ந்தா எல்லாம் முடிஞ்சுது" என்றார். எனக்கு அது ஞானமாகவே பட்டது. அகந்தை ஒழிய வேண்டும் என்று நான் படித்த நூல்கள் எல்லாமே சொல்லுகின்றன. அதே சொல்லைத்தான் அவரும் எடுத்தார்.

பணம் இதற்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. பௌர்ணமி அன்னதானத்துக்கு ஐந்தாயிரம். மடத்தில் எனக்கென்று ஒரு அறை, வாழ்நாள் முழுக்க வந்து தங்கலாம், அதற்குக் கட்டளைக் காணிக்கை ஒரு லட்சத்து இருபதாயிரம். அது மகள் படிப்புக்கென்று அஞ்சலகத்தில் போட்டு வந்த பணம். பாட்டுகளைப் புத்தகமாக்க அறுபதாயிரம். மனைவியின் சங்கிலியை எண்பத்தைந்தாயிரத்துக்கு அடகு வைத்தோம், மடத்துக்குக் கூரை போட. எல்லாவற்றையும் கூட்டினால் மூன்றரை லட்சத்தைத் தொடும். வேலைக்குப் போகாமல் சம்பளம் இழந்த மாதங்கள் இதில் சேராது. பெரும்பாலும் ரொக்கம். கொடுத்த ரசீதுகளில் ஒரு அறக்கட்டளையின் பெயர் இருந்தது, பதிவு எண் இல்லை. எந்த மடத்துக்கு, எந்த ஆசிரமத்துக்குக் கொடுத்தாலும் சரி, பெரிய தொகையை வங்கி வழியாக அறக்கட்டளையின் கணக்குக்கே அனுப்புங்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரசீதில் பதிவு எண்ணும் பான் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) பெற்ற அமைப்பாக இருந்தாலும், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. ரொக்கமே வேண்டும் என்று ஒரு இடம் பிடிவாதம் பிடித்தால் அங்கே நின்று யோசியுங்கள். இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாத தொகையைக் கொடுக்காதீர்கள். அடகு வைத்த சங்கிலி எதற்கு என்று மனைவிக்குத் தெரியும். அஞ்சலகப் பணம் போனது அவளுக்குத் தெரியாது. தெரிந்த அன்று அவள் சத்தம் போடவில்லை, மகளின் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் அச்சுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். டெமி சைஸ், ஆயிரம் பிரதி. புரூஃப் பார்க்க என்னைவிட்டால் ஆள் ஏது? ஃபாரம் ஃபாரமாக என் பாட்டுகளை நானே திருத்தினேன். ஒற்றுப்பிழை எடுத்தேன், சீர் பிரித்தேன். கடைசியாக டைட்டில் பேஜ் வந்தது. மேலே புத்தகத்தின் பெயர். அதற்குக் கீழே "அருளியவர்" என்று போட்டு, அவருடைய பெயர். தாளைப் புரட்டினேன். பின்பக்கம் உரிமை அறக்கட்டளைக்கு என்று இருந்தது. முன்னுரையில், நன்றியுரையில், எங்கேயும் நான் இல்லை. பென்சிலால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். எத்தனையோ பேருடைய புத்தகத்தில் ஆசிரியர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனால்கூடக் கண்டுபிடித்துத் திருத்தியவன். அடுத்த புரூஃப் அதே மாதிரி வந்தது, கேள்விக்குறி மட்டும் காணோம். அன்று ராத்திரி மடத்து மாடியில் படுத்தபோது எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று இன்றும் பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "இன்னும் முடிச்சு இருக்கு. நோட்டையெல்லாம் சமர்ப்பணம் பண்ணிடுங்க. ஒரு மண்டலம் மௌனம். எழுத்தே கூடாது." அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன உபதேசத்தையே மேற்கோள் காட்டினார்: "சும்மா இரு சொல்லற." அதற்கு மேல் நான் என்ன பேச? ஊருக்குப் போய், அப்பா கணக்கு எழுத வாங்கி வைத்த நீள நோட்டுகளில் எழுதியிருந்த எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். முத்திரைத்தாளில் ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார்கள். "என் படைப்புகள் அனைத்தையும் குருவடிக்கு அர்ப்பணிக்கிறேன்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கவிதை எழுதுகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அருணகிரிநாதர் அதே திருவண்ணாமலைக்காரர். "சும்மா இரு சொல்லற" என்ற உபதேசத்தைப் பெற்றதாகக் கந்தர் அநுபூதியில் அவரே பாடுகிறார். பாடுகிறார் என்பதைக் கவனியுங்கள். உபதேசம் கேட்டவர் ஏட்டைக் கட்டி வைத்துவிடவில்லை. திருப்புகழில் இன்று நமக்குக் கிடைத்திருப்பதே ஆயிரத்து முந்நூறுக்கு மேல். வள்ளலார் பாடிக்கொண்டே இருந்தார். 1867-ல் அன்பர்கள் வற்புறுத்தித்தான் திருவருட்பா அச்சேறியது. ராமநாதபுரத்தில் பிறந்த தமிழாசிரியர் முருகனார் 1923-ல் ரமணரிடம் வந்தார். கடைசி வரை ஆயிரக்கணக்கில் வெண்பாக்கள் எழுதினார். அவர் எழுதியதை ரமணரே பார்த்துத் திருத்தினார், இடையிடையே தாமும் பாடிச் சேர்த்தார். ரமணரின் அட்சரமணமாலையே பிட்சைக்குப் போகிற அடியார்கள் தெருவில் பாடிப் போவதற்காக எழுதியது. நம் மரபில் பெரியவர்கள் யாரும் சீடனின் நோட்டை வாங்கிப் பூட்டி வைத்ததாக நான் படித்ததில்லை. எழுதுவதை நிறுத்தத் தோன்றினால் அது உங்களுக்குள்ளேயே நிகழட்டும். வெளியே இருந்து ஒருவர் நோட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் அகந்தை போக வேண்டும் என்பவர், உங்கள் பாட்டில் அவர் பெயரைப் போட்டுக்கொண்டால், அகந்தை எங்கேயும் போகவில்லை, கைமாறியிருக்கிறது.

மௌனம் ஒரு மண்டலத்தோடு முடியவில்லை, நீட்டித்தார்கள். ஒருவேளைச் சாப்பாடு, அதிகாலை மூன்றரைக்கு எழுந்து உட்கார வேண்டும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போக ராத்திரி தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் என் கவிதை வரிகளை வேறு யாரோ சொல்லுகிற மாதிரி சுவரிலிருந்து கேட்டது. கை நடுங்க ஆரம்பித்தது. எழுதிக் காட்டிச் சொன்னேன். "பழைய வாசனை கழியுது, பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. போன் என்னிடம் இல்லை. மாதக்கணக்கில் தகவல் இல்லாமல் போகவே மனைவி தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, உங்க நோட்டெல்லாம் எங்க?" நோட்டு இல்லாத என்னை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றே கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு வந்தும் சத்தம் நிற்கவில்லை. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு மச்சான்தான் அழைத்துப் போனார். மாத்திரை சாப்பிட்டால் செய்த தவம் எல்லாம் வீணாகிவிடும் என்று நான் பயந்தேன். அந்த டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல்ல தூங்குங்க. சாமி எங்கேயும் போயிட மாட்டாரு" என்றார். சில மாதங்கள் மருந்து, ஒழுங்கான சாப்பாடு, தூக்கம். சத்தம் அடங்கியது. தியானத்துக்கோ மௌனத்துக்கோ போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தூக்கமும் சாப்பாடும் பல நாள் குறைந்தால் யாருக்கானாலும் இல்லாத சத்தம் கேட்கலாம், இல்லாத உருவம் தெரியலாம். அது ஞானத்தின் அறிகுறி என்று யார் சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்போது 14416 என்ற டெலிமனஸ் எண்ணும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணும், இருக்கிறது, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். போனை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்குப் போவதாக இருந்தால், குறிப்பிட்ட நாளில் வீட்டிலிருந்து ஆள் வந்து நேரில் பார்ப்பார்கள் என்று முதலிலேயே பேசி வையுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடம் வேண்டவே வேண்டாம்.

உடம்பு தேறியும் பயம் தேற ரொம்பக் காலம் ஆனது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் குரு சாபமோ என்று தோன்றும். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். பேனாவை எடுத்தால் கை உதறும். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சீக்கிரம் போயிருக்கும்.

நோட்டுகளைத் திருப்பிக் கேட்கும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது அச்சக முதலாளி. அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கூட்டிப் போனார். அங்கே தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன், கவிஞர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது என்பது என் எண்ணம். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய நிமிஷத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த இடம் வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது 57-ஆம் பிரிவு. உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமேதான் இருக்கும். இதை வக்கீல் படித்துக் காட்டியபோது மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "அனைத்தையும் அர்ப்பணிக்கிறேன்" என்ற என் கடிதத்தில் கவிதையின் பெயர்கூட இல்லை. பதிவு செய்துகொண்டால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும், இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் ஐந்நூறு ரூபாய்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், பெண்களுக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை.

நான்தான் எழுதினேன் என்பதற்குச் சாட்சி வேண்டுமே? சிற்றிதழ்களில் முன்பே வந்திருந்த சில கவிதைகள் கை கொடுத்தன. நண்பர் ஒருவர் வைத்திருந்த ஜெராக்ஸ், நான் தேதியோடு அனுப்பிய வாட்ஸ்அப் படங்கள், ஒற்றுத் திருத்திய என் கையெழுத்துப் புரூஃப் தாள்கள், எல்லாம் சேர்ந்து போதுமானதாக இருந்தன. நோட்டீஸ் போனதும் புத்தக விற்பனையை நிறுத்தினார்கள், மீதிப் பிரதிகளைக் கொடுத்தார்கள். பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. நோட்டுகளில் பாதிக்கும் குறைவாகத்தான் சாக்கில் கட்டி வந்தன. மற்றவை எங்கே என்று கேட்டதற்கு, யாகத்தில் இட்டாயிற்று என்றார்கள்.

எரிந்ததில் எவ்வளவு மீட்க முடியும் என்று உட்கார்ந்தேன். வெண்பாக்கள் வந்தன. தறிப் பாட்டு "நாடா" என்று தொடங்கும் என்பது மட்டும் நினைவிருந்தது. அப்படியானால் இரண்டாம் அடிக்கு எதுகை வாடா, ஓடா, கூடா என்கிற மாதிரிதான் வர முடியும். ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கூடா" என்றதும் அடி முழுக்க வந்துவிட்டது, அதைத் தொடர்ந்து தனிச்சொல், அப்புறம் ஈற்றடி. அப்படி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு மீட்டேன். புதுக்கவிதைகள் வரவில்லை. அப்பா தவறிய வாரத்தில் எழுதியவை எல்லாம் புதுக்கவிதைகள். அவற்றில் "நின்ற தறியில் நூல் மட்டும் ஓடுகிறது" என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தேடலை நான் விடவில்லை. விடச் சொல்லி உங்களுக்குச் சொல்லவும் இல்லை. 2019-ல் மனைவியோடு வடலூர் போனேன். 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது. இலையில் உட்கார்ந்தோம், சோறு போட்டார்கள். பெயர், ஊர், என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. கவிஞன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. திரும்பத் திருவண்ணாமலை போகப் பயந்துகொண்டிருந்தவனை அவள்தான் இழுத்துப் போனாள். ரமணாசிரமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் கிடைத்தால் தங்கலாம், கட்டணம் என்று எதுவும் கிடையாது. மாலையில் தமிழ்ப் பாராயணத்தில் போய் உட்காரலாம். முருகனாரின் சமாதி அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் முன்னால் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கை உதறவில்லை. ஒரு இடத்தை எடை போட நான் இப்போது பார்ப்பது மூன்று விஷயம். பணம் கொடுக்காதவனுக்கும் அதே பந்தியா? குடும்பத்தோடு வந்தால் முகம் மாறுகிறதா? கிளம்புகிறேன் என்றால் சரி, போய் வாருங்கள் என்று சொல்லுகிறார்களா? மூன்றாவதில்தான் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சங்கிலியை மீட்க 2021 வரை ஆனது. மகள் படிப்புக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன், இன்னும் கொஞ்சம் பாக்கி. எழுதுகிற ஒவ்வொரு கவிதையையும் அன்றே போனில் படம் எடுத்து எனக்கு நானே மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன், தேதி தானாக விழுந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து மச்சான் வீட்டுப் பரணில் ஒரு கட்டு. எங்கள் அச்சகத்தில் ஸ்கேனர் இருக்கிறது. இந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நோட்டோடு வாருங்கள், பணம் வேண்டாம், நானே ஸ்கேன் எடுத்துப் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். படிக்க வேண்டும் என்று தோன்றினால் படியுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.